எந்த நச்சு என்று கேளுங்கள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

நான் குடல்நோய் மருத்துவராகப் பணி செய்கிறேன். புறநோயாளிகள் பிரிவில் இப்போது அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று இருக்கிறது. "டாக்டர், குடலை ஒருதரம் கழுவிச் சுத்தம் பண்ணிக்கலாமா? உள்ளே நச்சு சேர்ந்து கிடக்குமாமே?" கேட்பவர் பல நேரம் நோயாளிகூட இல்லை, நோயாளிக்குத் துணையாக வந்தவர். நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, வேலைக்குப் போய்வருகிறவர். செல்போனில் வந்த ஏதோ ஒரு வீடியோ அவர் மனத்தில் பயத்தைப் போட்டிருக்கிறது. அந்தப் பயத்தைப் போக்கத்தான் இன்று பேச வந்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்குக் குடல் கழுவலும் தேவையில்லை, நச்சை நீக்கும் என்று சொல்லி விற்கும் டீடாக்ஸ் உணவும் தேவையில்லை. சிலருக்கு அவை கெடுதலாகவே முடியும்.

உடம்பிலிருந்து நஞ்சை எடுப்பது மருத்துவத்தில் உண்மையாகவே நடக்கிற வேலைதான். அது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பார்ப்போம். பூச்சிமருந்து குடித்த ஒருவரை ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்குகிறார்கள். அவசரப் பிரிவு மருத்துவர் உடன் வந்தவரிடம் கேட்பது இதைத்தான்: "என்ன மருந்து? டப்பா இருக்கா? எவ்வளவு குடிச்சார்? எத்தனை மணிக்கு?" நஞ்சின் பெயர் தெரியாவிட்டால் சிகிச்சையே தடுமாறும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து என்றால் அட்ரோபின் ஊசி. பாராசிட்டமால் மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கியிருந்தால் அசிட்டைல்சிஸ்டீன். ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தால் ஈயத்தைப் பிடித்து இழுத்துச் சிறுநீரில் தள்ளும் வேறு மருந்து. ஒன்றுக்குக் கொடுப்பது இன்னொன்றுக்கு உதவாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அதில் இருந்த நஞ்சு மெத்தனால். மெத்தனாலைவிட, கல்லீரல் அதை உடைக்கும்போது உண்டாகும் பார்மிக் அமிலம்தான் கண்பார்வையைப் பறிக்கிறது, உயிரை எடுக்கிறது. அதனால் அந்த உடைப்பைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்கிறோம், டயாலிசிஸ் செய்கிறோம், ரத்தத்தில் அமிலம் இறங்கிவிட்டதா என்று மணிக்கணக்கில் சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். பெயர் தெரிந்த நஞ்சு, அளந்து பார்க்கக்கூடிய நஞ்சு, அது போனதா இல்லையா என்று காட்டும் சோதனை. இந்த மூன்றும் இருந்தால்தான் அதை நஞ்சு நீக்கம் என்று சொல்ல முடியும்.

சரி, இப்போது கடையில் விற்கும் டீடாக்ஸ் பாக்கெட்டைக் கையில் எடுங்கள். பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். "உடலில் சேர்ந்த நச்சுக்களை வெளியேற்றும்" என்று இருக்கும். எந்த நச்சு என்று இருக்காது. 2009-இல் பிரிட்டனில் 'சென்ஸ் அபவுட் சயின்ஸ்' என்ற அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள் டீடாக்ஸ் என்ற பெயரில் விற்ற 15 பொருள்களை எடுத்துக்கொண்டு, தயாரித்தவர்களிடமே இதைக் கேட்டார்கள். எந்த நச்சை எடுக்கிறீர்கள், எடுத்ததற்கு என்ன ஆதாரம் என்று. உருப்படியான பதில் எவரிடமிருந்தும் வரவில்லை. நீங்களும் அந்தக் கேள்வியைத் தயங்காமல் கேட்கலாம். ஆயிரக்கணக்கில் பணம் கொடுக்கப்போகிறவர் நீங்கள்தானே.

அப்படியானால் நாம் தின்பதிலும் குடிப்பதிலும் வரும் வேண்டாத பொருள்கள் எங்கே போகின்றன? கல்லீரலும் சிறுநீரகமும் ராப்பகலாக அந்த வேலையைத்தான் பார்க்கின்றன. குடலில் உறிஞ்சப்படும் சத்துகளில் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டு வரும் ரத்தம் நேரே இதயத்துக்குப் போவதில்லை. முதலில் கல்லீரலுக்குள் நுழைந்து அதன் சோதனையைத் தாண்டித்தான் மற்ற இடங்களுக்குப் போகிறது. புரதம் செரித்த பிறகு மிஞ்சும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது அங்கேதான். பிறகு சிறுநீரகம். ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் திரவத்தை அது வடிகட்டுகிறது. அதில் வேண்டியதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியே விடுகிறது. இந்த இரண்டு உறுப்புகளும் கெட்டுப்போனவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அவர்களை எந்தப் பச்சைச் சாறும் மீட்டதில்லை.

இப்போது குடலுக்கு வருவோம். வீட்டுச் சாக்கடைக் குழாயில் அழுக்கு படிவதுபோல் பெருங்குடலிலும் பல வருட மலம் அப்பிக்கொண்டு கிடக்கிறது என்று அந்த வீடியோக்களில் படம் வரைந்து காட்டுகிறார்கள். நான் குடலின் உட்பக்கத்தைக் கேமராவில் பார்க்கிறவன். கொலோனோஸ்கோபி செய்யும்போது சுமார் ஒன்றரை மீட்டர் நீளப் பெருங்குடல் முழுவதும் திரையில் தெரியும். ஈரமான, வெளிர் சிவப்பு நிறச் சுவர். நம் கன்னத்தின் உட்பக்கம் போலவே பளபளப்பாக இருக்கும். அடியில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கிளை கிளையாகத் தெரியும். முந்தின நாள் பேதி மருந்து கொடுத்துவிட்டுத்தானே பார்க்கிறீர்கள் என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த மருந்தைச் சரியாகக் குடிக்காமல் வருகிறவர்களும் உண்டு. அவர்கள் குடலில் நேற்றைய உணவின் மிச்சமும் கலங்கிய நீரும் இருக்குமே தவிர, சுவரோடு இறுகிப்போன பழைய மலத் தகடு எதுவும் இருக்காது. இருக்கவும் முடியாது. குடல் சுவரின் மேல்தோல் சில நாளுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. எதுவும் வருடக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்க அங்கே இடமே இல்லை.

"ஆனா டாக்டர், அந்தப் பவுடரைச் சாப்பிட்டதும் கயிறு மாதிரி நீளமா, கறுப்பா வந்துதே!" என்பார்கள். வரும். அந்தப் பவுடர்கள் பலவற்றில் இசப்கோலும் பெண்டோனைட் என்ற களிமண்ணும் கலந்திருக்கின்றன. இரண்டும் தண்ணீர் பட்டால் உப்பி, ரப்பர் போலத் திரண்டுவிடும். குடலின் வடிவத்திலேயே வார்த்ததுபோல் வெளியே வரும். உள்ளே போட்டதுதான் வெளியே வருகிறது. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்துப் 'பித்தப்பைக் கல்' இறங்கியதாகச் சொல்வதும் இதே ரகம். நியூசிலாந்தில் ஒரு பெண்மணி அப்படி வந்த பச்சைக் கற்களை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். மருத்துவர்கள் அவற்றைச் சோதித்துப் பார்த்து 2005-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். கொஞ்சம் சூடு காட்டினால் உருகிவிடும் கற்கள் அவை. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாக மாறித் திரண்டவை. அவருடைய உண்மையான கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன. பிறகு அறுவை சிகிச்சைதான் செய்ய வேண்டி வந்தது.

இந்த நம்பிக்கை நேற்று முளைத்ததல்ல. நூறு வருடத்துக்கு முன்னால் பெரிய விஞ்ஞானிகளும் மருத்துவர்களுமே இதை நம்பினார்கள். 1908-இல் நோபல் பரிசு பெற்ற இல்யா மெச்னிகாப் என்ற விஞ்ஞானி, பெருங்குடலில் உண்டாகும் நஞ்சுதான் முதுமையைக் கொண்டுவருகிறது என்று கருதினார். லண்டனில் சர் ஆர்பத்நாட் லேன் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். அப்புறம் 1922-இல் அமெரிக்காவில் டொனால்ட்சன் என்ற மருத்துவர் எளிமையான ஒரு சோதனை செய்தார். நல்ல உடல்நிலையில் இருந்தவர்களின் ஆசனவாய்க்குள் பஞ்சை அடைத்துவைத்தார். அவர்களுக்கும் தலைவலி, சோர்வு, எரிச்சல் எல்லாம் வந்தன. பஞ்சில் ஏது நஞ்சு? மலக்குடல் நிறைந்து விரிவதாலேயே அந்த அசௌகரியம் வருகிறது. வயிறு காலியானதும் மனம் லேசாவதற்குக் காரணமும் அதுதான். அந்த லேசான உணர்வு பொய்யில்லை. நஞ்சு போனதற்கு அது அடையாளமும் இல்லை.

எங்கள் வீட்டில் விளக்கெண்ணெய் கொடுத்தார்களே, பாட்டி சொன்னது தப்பா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளி விடுமுறையில் விடியற்காலையில் மூக்கைப் பிடித்து விளக்கெண்ணெய் ஊற்றி, பிறகு ரசம் சோறு போட்ட காலத்தில், பிள்ளைகள் வெறுங்காலோடு திறந்தவெளிக்குப் போய்வந்தார்கள். பல குழந்தைகளின் வயிற்றில் புழு இருந்தது. பேதியில் புழு வெளியே வந்ததைப் பெரியவர்கள் கண்ணால் பார்த்தார்கள். அந்தக் காலத்தில் கையில் இருந்த வழி அது. இன்றைக்கு அந்த வேலைக்கு அல்பெண்டசோல் மாத்திரை இருக்கிறது. குடற்புழு நீக்க நாள் என்று பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியிலும் பள்ளியிலும் அரசு இலவசமாகவே கொடுக்கிறது. அதைத் தவறாமல் வாங்கிக் கொடுங்கள். சித்த மருத்துவத்தில் பேதிக்குக் கொடுப்பது ஒரு சிகிச்சை முறை. பட்டம் பெற்ற சித்த மருத்துவர் உங்கள் வயதையும் நோயையும் பார்த்துச் செய்ய வேண்டியது அது. இணையத்தில் வாங்கிய பவுடரை அதோடு சேர்க்காதீர்கள்.

கெடுதல் என்று சொன்னேன் அல்லவா, அதை விவரமாகச் சொல்ல வேண்டும். கேரளத்தில் இரும்பன் புளி என்றும் பிலிம்பி என்றும் சொல்லும் புளிப்புக் காய் ஒன்று உண்டு. கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அதன் சாற்றைத் திக்காகப் பிழிந்து குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது பற்றி 2013-இல் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வந்தது. அவர்களில் பலருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டியதாயிற்று. காரணம் ஆக்சலேட் என்ற உப்பு. அது சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து அடைத்துக்கொள்கிறது. பசலை வகைக் கீரைகளிலும் ஆக்சலேட் நிறையவே இருக்கிறது. கூட்டாகக் கடைந்து ஒரு கரண்டி சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. கட்டுக்கட்டாக அரைத்து, வெறும் வயிற்றில், நாள்கணக்கில் குடிக்கும்போதுதான் ஆபத்து. சுரைக்காய்ச் சாறும் அப்படியே. கசக்கும் சுரைக்காயில் குக்குர்பிட்டாசின் என்ற நஞ்சு இருக்கும். அதைக் குடித்தால் ரத்த வாந்தி வரும், உயிரே போகலாம். 2010-இல் தில்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய், பாகற்காய்ச் சாறு குடித்து இறந்த பிறகு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆர். நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்து, கசக்கும் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று எச்சரித்தது. சமைக்கும் முன் ஒரு துண்டு நறுக்கி நாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்வது நம் வீடுகளில் இருந்த பழக்கம்தான். மிக்சியில் பாகற்காயோடு சேர்த்து அடிக்கும்போது எந்தக் கசப்பு எதிலிருந்து வந்தது என்று எப்படித் தெரியும்?

குழாய் விட்டுக் கழுவுவதற்கும் ஒரு துயரமான சாட்சி இருக்கிறது. 1978-இலிருந்து 1980 வரை அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், குடல் கழுவும் நிலையம் ஒன்றுக்குப் போனவர்களிடையே அமீபா சீதபேதி பரவியது. குறைந்தது 36 பேர். பத்துப் பேருக்குப் பெருங்குடலை அகற்ற நேர்ந்து, அவர்களில் ஆறு பேர் இறந்தார்கள். இயந்திரத்தை வழக்கம்போல் சுத்தம் செய்த பிறகும் அதில் மலக் கிருமிகள் இருந்தன.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், நீர் போகிற மாத்திரை எடுக்கும் ரத்த அழுத்தக்காரர்கள், இதய நோயாளிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லாரும் இந்தச் சாறு விரதத்தையும் பேதி மருந்தையும் தாங்களாக எடுக்கவே கூடாது. சோடியமும் பொட்டாசியமும் தாறுமாறானால் இதயத் துடிப்பே தடுமாறும். இன்னொன்று: திடீரென்று வயிறு வலிக்கும்போது 'கழிச்சல் வந்தால் சரியாகும்' என்று பேதி மருந்து கொடுக்காதீர்கள். வலி குடல்வால் அழற்சியாக இருந்தால் அது வெடித்துவிடும் ஆபத்து கூடும்.

மூன்று நாள் சாறு குடித்து இரண்டு கிலோ குறைந்தேன் என்பது உண்மையாகவே இருக்கலாம். பட்டினி கிடந்தால் உடம்பு முதலில் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்துவைத்த மாவுச்சத்தைச் செலவழிக்கும். அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் போய்விடும். நாலு வேளை சோறு சாப்பிட்டால் அந்த எடை திரும்ப ஏறும்.

பெருங்குடலுக்கு நல்லது செய்ய விரும்புகிறவர்களுக்கு என்னிடம் பதில் உண்டு, செலவும் குறைவு. அங்கே வாழும் கோடானுகோடி பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தை உண்டாக்குகின்றன. பெருங்குடல் சுவரின் உயிரணுக்களுக்கு முக்கியமான உணவே அதுதான். கழுவித் துடைத்தால் அந்தக் கிருமிகளும்தான் கலைகின்றன. ஒரு நாளைக்கு 30 கிராம் நார்ச்சத்து போதும். வாழைத்தண்டு, அவரைக்காய், முருங்கைக்கீரை, சுண்டல், கம்பு, கேழ்வரகு, கொய்யா, இப்படி மாற்றி மாற்றித் தட்டில் வரட்டும். பழத்தைச் சாறாக்காமல் கடித்தே சாப்பிடுங்கள். தண்ணீர் குடியுங்கள், நடங்கள். காலையில் உந்துதல் வந்தால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அடக்காதீர்கள்.

தினமும் போயே ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஒரு நாளைக்கு மூன்று முறையும் இயல்புதான், வாரத்துக்கு மூன்று முறையும் இயல்புதான். உங்கள் வழக்கம் என்ன என்று நீங்கள் தெரிந்துவைத்திருப்பதுதான் முக்கியம். அந்த வழக்கம் காரணமில்லாமல் மாறி, சில வாரங்களாகியும் சரியாகாமல் இருந்தால், மலத்தில் ரத்தம் தெரிந்தால், தார் போலக் கறுத்துப் போனால், எடை தானாகக் குறைந்தால், ரத்தசோகை என்று சொல்லிக் காரணம் பிடிபடாமல் இருந்தால், உடனே மருத்துவரிடம் வாருங்கள். குடல் புற்றுநோய் தொடக்கத்தில் இப்படித்தான் தலைகாட்டும். மூலம்தானே என்று விட்டுவிட்டு, மாதக்கணக்கில் குடல் சுத்தப் பவுடர் சாப்பிட்டுக் காலம் கடந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் அதைக் குணப்படுத்த முடிகிற காலம் இது. கொலோனோஸ்கோபிக்குப் பயப்படாதீர்கள். மயக்கம் கொடுத்துத்தான் பெரும்பாலும் செய்கிறோம், அரை மணி நேரத்தில் முடிந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

வணக்கம்.