ஸ்ட்ராபெரி திருடும் பூங்குருவிகள்

வணக்கம். இன்று ஜன்னல் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசுகிறேன். இந்தத் துணியை விளக்கொளியில் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

கிட்டே கொண்டு வருகிறேன், பாருங்கள். கருநீலத் தரை. அதன்மேல் எதிரும் புதிருமாக ஜோடி ஜோடியாகக் குருவிகள். ஒரு ஜோடியின் அலகில் ஸ்ட்ராபெரிப் பழம்; இன்னொரு ஜோடி வாய் திறந்து பாடுகிறது. ஆங்கிலேய வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸ் 1883இல் வரைந்த வடிவம் இது. பெயரே 'ஸ்ட்ராபெரித் திருடன்'. இங்கிலாந்தில் கெல்ம்ஸ்காட் கிராமத்தில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. அந்தத் தோட்டத்தில் பழங்களைக் கொத்திக்கொண்டு போன பூங்குருவிகளைத்தான் துணியில் கொண்டுவந்தார்.

ஒரு பூவை மட்டும் பாருங்கள். நிழல் இல்லை, உருண்டை இல்லை, தட்டையாகப் படிந்திருக்கிறது. விக்டோரியா காலத்து வரவேற்பறைகளில், கையால் பறித்துவிடலாம் என்று தோன்றும்படி நிழலிட்ட பெரிய ரோஜாக்கள் கம்பளத்திலும் சுவரிலும் நிறைந்திருந்தன. மாரிஸ் அந்த வழியில் போகவில்லை. பூவைத் துணிக்கு ஏற்றபடி படிய வைத்தார். நூற்றாண்டு கடந்தும் கண்ணுக்கு அலுக்காததற்கு அதுதான் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதை அச்சிட்ட விதத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள். வெள்ளைத் துணியில் நீலத்தை அச்சிடவில்லை. முதலில் துணி முழுவதையும் அவுரிச் சாயத்தில் முக்கினார்கள். பிறகு வெளுக்கும் மருந்தை மர அச்சால் ஒற்றி, வேண்டிய இடத்தில் மட்டும் நீலத்தை எடுத்தார்கள். முழுக்க எடுத்தால் வெள்ளை, பாதி எடுத்தால் இளநீலம். அதன்மேல் சிவப்பும் மஞ்சளும். நீலத்தின்மேல் மஞ்சள் விழுந்த இடமே இந்தப் பச்சை இலை. லண்டனை ஒட்டிய மெர்ட்டன் ஆபியில், வான்டில் ஆற்றங்கரையில் இருந்த அவருடைய பட்டறையில் இந்த வேலைக்குப் பல நாள் பிடித்தது. அதனால் விலையும் அதிகம்.

அந்தச் சிவப்பு அலிசரின் என்ற சாயப்பொருள். நம் சோழமண்டலக் கரையில் சாயவேரிலிருந்து எடுத்த சிவப்பும் அதே அலிசரின்தான். படிகாரம் ஏற்றிய இடத்தில் மட்டும் நிறம் பற்றும். இங்கிருந்து போன பூப்போட்ட சீட்டித் துணிக்கு இங்கிலாந்து மக்கள் அப்படி ஆசைப்பட்டார்கள். உள்ளூர் நெசவைக் காப்பாற்ற 1721இல் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியிருந்தது.

இனி வீட்டு வேலை. ஜன்னல் திரைக்காக இந்த நகல் துணியை வாங்கி அவசரத்தில் வெட்டிவிட்டேன். திரையை மூடிப் பார்த்தால் இடப்பக்கக் குருவிக்கு எதிரே வலப்பக்கத்தில் வெறும் இலை. மனது உடைந்துவிட்டது. நீங்கள் வெட்டும் முன், ஒரு குருவியின் கண்ணிலிருந்து அதற்கு நேர் மேலே அதே குருவியின் கண் வரை அளந்துவிடுங்கள். அதுதான் ஒரு சுற்று; என் துணியில் 52 சென்டிமீட்டர். திரை 210 சென்டிமீட்டர் என்றால் நான்கு சுற்று 208தான், போதாது. ஐந்து சுற்றாக 260 எடுத்து, இரண்டு பாகத்தையும் ஒரே இடத்தில் வெட்டத் தொடங்குங்கள்.

கொசுவத்தையும் குறையுங்கள். ஜன்னல் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு துணி போதும். அதற்கு மேல் போனால் குருவிகள் மடிப்புக்குள் மறைந்துவிடும். விக்டோரியா காலத்தவர் சுவர், திரை, சோபா எல்லாவற்றிலும் பூப்போட்டார்கள். நம் சிறிய அறைக்கு அது மூச்சுமுட்டும். இந்தத் திரை ஒன்று போதும். சுவர் சுண்ணாம்பு வெள்ளையாக இருக்கட்டும், மெத்தை விரிப்புக்கு இந்த இலையின் பச்சையை எடுங்கள்.

தவறாக வெட்டிய துணியை நான் வீசவில்லை. பாடும் ஜோடி நடுவில் வரும்படி இரண்டு திண்டு உறை வெட்டி வைத்திருக்கிறேன். இதோ, ஒன்றுக்கு மூன்று பக்கம் தைத்தாகிவிட்டது.