உப்புக்காற்றில் நிற்கும் கல்

நேயர்களுக்கு வணக்கம். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களுக்குக் காசிமேட்டில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்ப ஊர் கூடிப் பேசுகிறது என்று வைத்துக்கொள்வோம். "சிலை எத்தனை அடி?" என்றுதான் பேச்சு தொடங்கும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் பேச வேண்டியது உப்பு.

உப்பும் ஈரமும் கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொட்டால் துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும். அதனால்தான் பீடம் உள்ளிருந்தே வெடிக்கிறது. கடல்நீர்ச் சாரல் படும் இடத்துக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி கேட்பது எம் 35 என்ற வலு ரகக் கான்கிரீட்டும் 50 மி.மீ. கவரும், அதாவது கம்பிக்கு மேல் அவ்வளவு கனத்துக்குக் கான்கிரீட்டும். கம்பி கட்டியதும், அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிடுங்கள். ஊற்றிய பிறகு தெரியாது.

வெண்கலச் சிலையைச் சாதாரண இரும்பு போல்ட்டால் இறுக்கினால், நடுவில் புகும் உப்புநீர் இரண்டையும் ஒரு பேட்டரி ஆக்கிவிடும். தேய்வது இரும்பு. நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் செப்புத் தகட்டைத் தாங்கிய இரும்புச் சட்டங்கள் இப்படித்தான் அரித்தன; 1980களில் அவற்றை எடுத்துவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுச் சட்டங்களைப் பொருத்தி, இரண்டு உலோகமும் தொடாதபடி நடுவே டெஃப்லான் வைத்தார்கள். இங்கே 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டும் நைலான் வாஷரும் போதும். "எல்லாம் எவர்சில்வர்தான்" என்று கடையில் 304 ரகத்தைத் தந்தால் வாங்காதீர்கள். கடல்காற்றில் அது புள்ளி புள்ளியாக அரிக்கும்.

அடுத்தது கல். சலவைக்கல் வேண்டாம், கந்தகப் புகையும் ஈரமும் அதன் மேல்பரப்பைத் தின்றுவிடும். கருங்கல் தாங்கும் என்பதற்குச் சாட்சி பக்கத்திலேயே இருக்கிறது: திருவொற்றியூர்க் கோயில் சுவரின் சோழர் காலக் கல்வெட்டுகள். ஆனால் அக்காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். நமக்கு அந்தச் சலுகை இல்லை. புள்ளி தூர்ந்துபோனால் 'முத்து' 'முதது' ஆகிவிடும். அதனால் புள்ளியை எழுத்துக் கோட்டின் அகலத்துக்குக் குறையாமல், ஆழமாக வெட்டச் சொல்லுங்கள். ணை, ஞ போன்றவற்றின் சுழிக்குள் உளி நுழைய இடம் வேண்டும். எழுத்து 25 மி.மீ. உயரத்துக்குக் குறையக் கூடாது. வெறும் பெயின்டில் எழுதினால் வெயில் பார்த்துக்கொள்ளும்.

பெயர்களை எந்த வரிசையில் வெட்டுவது? வாஷிங்டனில் 1982இல் திறந்த வியட்நாம் போர் நினைவுச் சுவரில் 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள் நாள் வரிசையில் இருக்கின்றன. ஒரே நாளில் போனவர்கள் சேர்ந்தே இருக்கிறார்கள். ஒரே படகில் போனவர்களுக்கும் அதுவே பொருந்தும். தேடி வருபவருக்கு அகரவரிசைப் பட்டியல் ஒன்று தனியாக வேண்டும். கல்லில் காலி இடமும் விடுங்கள். கடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மற்றவை சின்ன வேலைகள். பீடத்தின் தலை தண்ணீர் வடியச் சரிவாக இருக்கட்டும். சாலை போடும் ஒவ்வொரு முறையும் தெரு உயர்வதால், அடித்தளம் தெருவிலிருந்து ஒன்றரை அடியாவது மேலே இருக்கட்டும். மாலை போடப் படிக்கட்டை வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் ஓர் இரும்பு ஏணியைப் பற்றவைத்துத் துருவை வழியவிடுவார்கள்.

வெட்டத் தொடங்கும் முன், பெயர்ப்பட்டியலை அதே அளவில் தாளில் அச்சிட்டு ஒரு வாரம் சுவரில் ஒட்டுங்கள். இனிஷியல் தவறென்றால் அந்த வீட்டுக்காரர்கள் வந்து சொல்லிவிடுவார்கள்.