அரசனுக்குக் கைதூக்கிய ஏதென்ஸ்

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு ஏதென்ஸ் நகரத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். பெரிக்ளீஸ், சாக்ரடீஸ் காலத்து ஏதென்ஸ் இல்லை. அவர்களுக்கு ஒரு நூறு ஆண்டு பிந்தியது. மக்களாட்சிக்குப் பேர்போன ஊர் எப்படி அரசர்களின் கைக்குள் போனது என்பதுதான் விஷயம்.

பாடப்புத்தகத்தில் இது ஒரே வரியில் முடிந்துவிடும்: வடக்கே இருந்த மாசிடோனியா அரசு வென்றது, கிரேக்க நகரங்கள் சுதந்திரத்தை இழந்தன. ஆனால் யாரும் வந்து மக்கள் சபையை நிரந்தரமாக இழுத்து மூடவில்லை. சபை கூடிக்கொண்டுதான் இருந்தது, பேசியது, கை தூக்கி வாக்களித்தது. அரசன் உள்ளே வந்ததே அந்த வாக்குகள் வழியாகத்தான். இந்தக் காலத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் பதறுவது இந்த இடத்தில்தான்.

முதலில் ஒரு கல்லைக் காட்டுகிறேன், திரையில் பாருங்கள். ஏதென்ஸின் பழைய சந்தைவெளியான அகோராவைத் தோண்டியபோது கிடைத்தது. இப்போது அங்கேயே உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேலே ஒரு புடைப்புச் சிற்பம். தாடி வைத்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், அவர்தான் 'மக்கள்'. நின்றபடி அவருக்கு முடி சூட்டும் பெண் 'மக்களாட்சி'. கீழே ஒரு சட்டம். கி.மு. 336 வாக்கில், யூக்ரடீஸ் என்பவர் கொண்டுவந்தது. மக்களாட்சியைக் கவிழ்த்துத் தனியாளாக ஆள நினைப்பவனை யார் கொன்றாலும் குற்றமில்லை என்கிறது. மக்களாட்சி கவிழ்ந்த பிறகும் அரியோபாகஸ் என்ற ஊரின் பழைய மூத்தோர் மன்றத்தில் போய் உட்காரும் உறுப்பினருக்குக் குடியுரிமை போகும், சொத்தும் பறிமுதலாகும்.

சட்டம் வந்த நேரத்தைக் கவனியுங்கள். அதற்குச் சற்று முன்புதான், கி.மு. 338-இல், கெரோனியா போரில் மாசிடோனிய அரசன் பிலிப் ஏதென்ஸையும் தீப்ஸையும் தோற்கடித்திருந்தான். ஆபத்து உள்ளூர்க்காரன் ஒருவனிடமிருந்து வரும் என்று அவர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருந்தது. சிசிலியில் சிரக்யூஸ் நகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்தேஜ் படை நெருங்கிய பதற்றத்தில், டயோனிசியஸ் என்ற இளைஞன் மக்கள் சபையில் எழுந்து படைத்தலைவர்கள் மீது துரோகக் குற்றம் சாட்டினான். சபை அவனைப் படைத்தலைவனாக்கியது, பிறகு முழு அதிகாரம் கொண்ட ஒரே தலைவனாக்கியது. தன்னைக் கொல்லப் பார்த்தார்கள் என்று சொல்லி 600 மெய்க்காவலர்களையும் வாக்கெடுப்பிலேயே வாங்கிக்கொண்டான். கி.மு. 405 முதல் 367-இல் சாகும்வரை அவன்தான் அந்த ஊரை ஆண்டான்.

ஏதென்ஸில் நடந்தது வேறு மாதிரி. கி.மு. 323-இல் பிலிப்பின் மகன் அலெக்சாண்டர் இறந்ததும் ஏதென்ஸ் கிளர்ந்தெழுந்தது. மறு ஆண்டே தோற்றது. மாசிடோனியத் தளபதி ஆன்டிபேட்டர் துறைமுகப் பக்கம் மூனிக்கியா குன்றில் ஒரு காவற்படையை நிறுத்தினான். 2,000 டிராக்மாவுக்குக் குறைந்த சொத்து உள்ளவருக்கு வாக்குரிமை இல்லை என்றான். 12,000 பேருக்கு மேல் உரிமை இழந்தார்கள் என்று பழங்கால வரலாற்று எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். 9,000 பேருக்குத்தான் மிஞ்சியது என்கிறார் டயோடோரஸ் என்ற இன்னொரு பழைய எழுத்தாளர். பேச்சாளர் டெமோஸ்தெனீஸ் கலௌரியா தீவில் ஒரு கோயிலுக்குள் நஞ்சருந்தி இறந்தார். ஏற்கெனவே பெண்களுக்கும் அடிமைகளுக்கும் வாக்கு இல்லாத ஊர் அது. இப்போது ஏழை ஆண்களுக்கும் இல்லை.

பிறகு அலெக்சாண்டரின் தளபதிகளுக்குள் சண்டை. அதில் ஆன்டிபேட்டரின் மகன் கசாண்டரின் கை ஓங்கி, பலேரம் ஊர்க்காரரான டெமெட்ரியஸ் என்ற தத்துவவாதியை வைத்துப் பத்தாண்டு ஏதென்ஸை நடத்தினான். கி.மு. 307-இல் வந்தான் இன்னொரு டெமெட்ரியஸ், அந்தத் தளபதிகளில் ஒருவனான ஒற்றைக்கண் ஆன்டிகோனஸின் மகன். பிற்காலத்தில் 'நகர் முற்றுகைக்காரன்' என்று பெயர் வாங்கியவன். 250 கப்பல்களோடு துறைமுகத்துக்குள் நுழைந்து, தன் தந்தை ஏதென்ஸை விடுதலை செய்யத் தன்னை அனுப்பியிருக்கிறார் என்று முரசறைவோனை வைத்து அறிவித்தான். காவற்படையை வெளியேற்றினான், பழைய ஆட்சிமுறையை மீட்டுக் கொடுத்தான். 1,50,000 மெடிம்னோஸ் தானியமும், நூறு போர்க்கப்பல் கட்ட மரமும் தருவதாகச் சொன்னான். ஒரு மெடிம்னோஸ் என்பது ஏறத்தாழ 52 லிட்டர். தன் நிலத்தில் விளைவது போதாமல், கருங்கடல் பக்கமிருந்து கப்பலில் வரும் கோதுமையை நம்பியிருந்த ஊருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

மீண்டு வந்த மக்கள் சபை நன்றி சொல்ல ஆரம்பித்தது. ஸ்ட்ராட்டோக்ளீஸ் என்ற அரசியல்வாதி தீர்மானம் மேல் தீர்மானமாகக் கொண்டுவந்தார். தந்தையும் மகனும் 'காக்கும் கடவுள்கள்' ஆனார்கள். இவர்களை முதன்முதலில் அரசர் என்று அழைத்ததே ஏதென்ஸ்தான் என்கிறார் புளூட்டார்க். ஆன்டிகோனஸ் முடி சூடிக்கொண்டது மறு ஆண்டில், சைப்ரஸ் கடற்போரில் மகன் வென்ற பிறகுதான். அதைப் பார்த்து மற்றத் தளபதிகளும் வரிசையாக முடி சூடிக்கொண்டார்கள்.

குடிமக்களின் பத்துப் பிரிவுகளோடு ஆன்டிகோனிஸ், டெமெட்ரியாஸ் என்று இரண்டு புதுப் பிரிவுகள் சேர்ந்தன. பிரிவுக்கு 50 பேர் என்பதால், 500 பேர் கொண்ட ஆட்சிக்குழு 600 பேராகப் பெருகியது. அரசர்களின் பெயரால் மக்களாட்சி நிறுவனம் பெரிதானது! கொடுங்கோலனைக் கொல்லத் துணிந்து ஊரே போற்றிய ஹார்மோடியஸ், அரிஸ்டோகைட்டன் சிலைகளுக்குப் பக்கத்தில் இந்த இருவருக்கும் பொன் சிலை வைத்தார்கள். அந்த இடத்துக்கு அந்தச் சிலைகள் வந்ததை என்னால் இலேசாகக் கடந்துபோக முடியவில்லை.

அடுத்து நடந்தது இந்தக் கதையிலேயே முக்கியமானது. ஒரு குடிமகனுக்கு நீதிமன்றம் 50 தாலந்து வெள்ளி, அதாவது ஒரு பெருந்தொகை, அபராதம் போட்டிருந்தது. அவருடைய மகன் டெமெட்ரியஸிடம் போய் ஒரு கடிதம் வாங்கி வந்தார். சபை அபராதத்தைத் தள்ளுபடி செய்தது. ஆனால் கூடவே, இனி எந்தக் குடிமகனும் டெமெட்ரியஸிடமிருந்து சிபாரிசுக் கடிதம் கொண்டுவரக்கூடாது என்றும் தீர்மானம் போட்டது. எவ்வளவு துணிச்சல் பாருங்கள். செய்தி கேட்டு டெமெட்ரியஸ் கொதித்தான். சபை பயந்து அந்தத் தீர்மானத்தை ரத்து செய்தது. அதைக் கொண்டுவந்தவர்களிலும் ஆதரித்தவர்களிலும் சிலரைக் கொன்றது, சிலரை நாடு கடத்தியது. அப்புறம் ஒரு புதுத் தீர்மானம்: அரசன் டெமெட்ரியஸ் எதைக் கட்டளையிட்டாலும் அது கடவுளர் முன் புனிதம், மனிதர் முன் நியாயம். இதையெல்லாம் முன்மொழிய ஸ்ட்ராட்டோக்ளீசுக்குப் பைத்தியமா என்று சிலர் கேட்டார்களாம். "பைத்தியமாக இல்லாவிட்டால்தான் அவர் பைத்தியக்காரர்" என்றார் டெமோகரீஸ் என்ற ஏதென்ஸ்காரர். இந்தப் பேச்சுக்காக அவரும் நாடு கடத்தப்பட்டார்.

இதை வைத்து ஏதென்ஸ் மக்களைக் கோழைகள் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். கி.மு. 301-இல் இப்சஸ் போரில் ஆன்டிகோனஸ் செத்து, டெமெட்ரியஸ் தோற்று ஓடி வந்தபோது, எந்த அரசனையும் ஊருக்குள் விடுவதில்லை என்று அதே சபை முடிவெடுத்து, தூதர்களை வழியிலேயே அனுப்பிச் சொல்லிவிட்டது. சில ஆண்டுகளில் அவன் திரும்பி வந்து ஊரை முற்றுகையிட்டான். அந்தப் பஞ்சத்தைப் பற்றிப் புளூட்டார்க் எழுதியதைப் படித்தால் நெஞ்சு கனக்கும். கூரையிலிருந்து விழுந்த ஒரு செத்த எலிக்காக அப்பனும் மகனும் அடித்துக்கொண்டார்கள். தத்துவவாதி எபிகியூரஸ் அவரைக்கொட்டைகளை எண்ணி எண்ணிப் பங்கிட்டு மாணவர்களைக் காப்பாற்றினார்.

கி.மு. 295 வாக்கில் ஊர் பணிந்தது. எல்லோரையும் நாடக அரங்கில் கூடச் சொன்னான் டெமெட்ரியஸ். சுற்றிலும் ஆயுதம் ஏந்திய வீரர்கள். துன்பியல் நாடக நடிகர்கள் வரும் வழியாக மேலிருந்து இறங்கி வந்தான். மக்கள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, மன்னித்துவிட்டேன் என்றான், 1,00,000 மெடிம்னோஸ் தானியமும் கொடுத்தான். உயிர் வந்த மகிழ்ச்சியில், பிரேயஸ் துறைமுகத்தையும் மூனிக்கியாவையும் அரசனுக்கே ஒப்படைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிய, சபை வாக்களித்தது. அவனோ அதற்கு மேலும் போய், ஊருக்குள்ளேயே மியூசியன் குன்றில் ஒரு காவற்படையை வைத்தான்.

ஆக, சபை அவனுக்கு வாக்களித்தது மூன்று விதமான நிலையில்: நன்றியில், பயத்தில், பசியில். மூன்றிலுமே அவனிடம் தானியமும் கப்பலும் இருந்தன, ஏதென்ஸிடம் இல்லை. கி.மு. 322-இல் கடற்படை தோற்றபோதே கோதுமை வரும் கடல்வழி கைவிட்டுப் போய்விட்டது. கடல்வழியைக் காக்க முடியாத ஊரால் தன் வாக்கையும் காக்க முடியவில்லை என்பதுதான் என் முடிவு.

ஆனாலும் கி.மு. 287 வாக்கில் மறுபடி எழுந்தார்கள். ஒலிம்பியோடோரஸ் என்பவர் கிழவர்களையும் விடலைப் பையன்களையும்கூடச் சேர்த்துக்கொண்டு மியூசியன் குன்றின்மேல் ஏறினார். மதிலில் முதலில் ஏறிக் கோட்டைக்குள் குதித்தவர் லியோக்ரிட்டஸ், அந்தச் சண்டையிலேயே இறந்தார். அவருடைய கேடயத்தில் பெயரையும் செயலையும் பொறித்து, விடுதலையின் ஸியூஸ் கடவுளுக்குக் காணிக்கையாக வைத்தார்கள்.

குன்று மீண்டது, துறைமுகம் மீளவில்லை. கி.மு. 262 வாக்கில் டெமெட்ரியஸின் மகன் ஆன்டிகோனஸ் கொனாட்டஸ் மறுபடி ஊரைப் பிடித்தான். கடைசியில் கி.மு. 229-இல் பிரேயஸ் திரும்பக் கிடைத்தது சண்டையால் அல்ல. காவற்படைத் தலைவன் டயோஜெனீசுக்கு 150 தாலந்து கொடுத்து ஏதென்ஸ் மக்கள் அதை மீட்டார்கள். அதில் 20 தாலந்தை சிக்கியோன் நகரத்து அராட்டஸ் தன் பங்காகக் கொடுத்தார்.