சிறப்புப் பயிற்றுநர் வராத நாட்களில்

[காட்சி: ஓட்டுக் கட்டட வகுப்பறை. ஒரே அறையில் இரண்டு கரும்பலகைகள்.]

வணக்கம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். தமிழ்நாட்டில் பல ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகள் இப்படித்தான் நடக்கின்றன. அந்த ஒரே அறையில் ஒருவனுக்குக் காது சரியாகக் கேட்காது. ஒருத்திக்கு மூன்றாம் வகுப்பு வந்தும் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. வட்டார வள மையத்திலிருந்து, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் சிறப்புப் பயிற்றுநர் வருவார். ஆனால் அவர் பார்க்க வேண்டிய பள்ளிகள் பல. மற்ற நாட்களில் அந்தப் பிள்ளைகளுக்கு எல்லாமே வகுப்பாசிரியர்தான். அந்த நாட்களில் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

[காட்சி: பின்வரிசையில் ஒரு சிறுவன். ஆசிரியர் பேசும்போது அருகில் இருப்பவனின் நோட்டைப் பார்க்கிறான்.]

"மந்தம்" என்று ஒரு பிள்ளையைச் சொல்லும் முன் கண்ணையும் காதையும் பாருங்கள். இவன் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது சோம்பலால் இல்லாமல் இருக்கலாம். நீங்கள் சொன்னது பாதிதான் காதில் விழுந்திருக்கும். மீதியை அவன் கண்ணால் தேடுகிறான். காதில் சீழ் வடியும் பிள்ளைகளுக்கும், சளி பிடித்தால் காது அடைக்கும் பிள்ளைகளுக்கும் கேட்கும் திறன் நாளுக்கு நாள் மாறும். நேற்று பதில் சொன்னவன் இன்று விழிப்பான். "வேணும்னே பண்றான்" என்ற பேச்சு இங்கேதான் பிறக்கிறது.

எளிய சோதனை ஒன்று. சத்தமில்லாத இடத்தில், குழந்தைக்குப் பின்னால் ஒரு கை நீளம், ஏறக்குறைய 60 செ.மீ. தள்ளி நில்லுங்கள். உங்கள் வாய் அவனுக்குத் தெரியக் கூடாது. ஒரு காதை அவனே விரலால் அடைத்துக்கொள்ளட்டும். மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு, கிசுகிசுப்பாக ஆறு சொற்கள்: பல், மரம், ஈ, சட்டி, பூ, கதவு. ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் தவறினால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். மறு காதுக்கு வேறு ஆறு சொற்கள். இதை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டுமே தெரியும்.

கண்ணுக்கு, வராந்தாவில் 6 மீட்டர் அளந்து பார்வை அட்டையை மாட்டுங்கள். ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். உள்ளங்கையைக் குழித்து மூடச் சொல்லுங்கள். அழுத்தி மூடினால் கையை எடுத்த பிறகும் சற்று நேரம் அந்தக் கண் மங்கலாகத் தெரியும், சோதனை பொய்யாகிவிடும்.

[காட்சி: வகுப்பறை வரைபடம். ஜன்னல், மேசை, கரும்பலகை.]

கேட்கும் திறன் குறைந்த பிள்ளையின் இடம் உங்களிடமிருந்து ஒன்று, ஒன்றரை மீட்டருக்குள். நன்றாகக் கேட்கும் காது உங்கள் பக்கம். ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் முகம் இருட்டாகும், உதட்டசைவு தெரியாது. கரும்பலகையைப் பார்த்தபடி பேசாதீர்கள். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் அவன் தலையாட்டுவான். "நான் என்ன சொன்னேன், சொல்லு" என்று கேளுங்கள்.

காதொலிக் கருவி இருந்தும் பையிலேயே கிடக்கிறதா? பேட்டரி ஒரு காரணமாக இருக்கலாம். காதின் பின்னால் மாட்டும் பல கருவிகளில் இருப்பது துத்தநாகக் காற்று பேட்டரி. ஒட்டுத்தாளை உரித்தவுடன் அது வேலை செய்யத் தொடங்கிவிடும், பயன்படுத்தாவிட்டாலும் தீர்ந்துபோகும். அதனால் தேவைப்படும்போது மட்டும் உரித்து, ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்து, பிறகு போடுங்கள். கருவி கீச்சென்று கத்தினால் முதலில் காதுக்குள் வைக்கும் அச்சு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

[காட்சி: "கொடி" என்ற சொல். பெரிய எழுத்து.]

கண்ணும் காதும் சரி, மற்ற விஷயங்களில் கெட்டிக்காரி, வாசிப்பு மட்டும் வரவில்லை. இந்தப் பிள்ளைக்குத்தான் வகுப்பாசிரியர் அதிகம் செய்ய முடியும். எனவே இங்கே கொஞ்சம் நின்று பேசுவோம்.

தமிழ் எழுத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. "கெ" என்பதில் கண்ணுக்கு முதலில் படுவது ஒற்றைக்கொம்பு. வாயிலோ க்-தான் முதலில் வருகிறது. "கொ"வில் குறி மெய்யின் இரண்டு பக்கமும் நிற்கிறது. கொம்பை மட்டும் பார்த்தவள் "கெடி" என்பாள், துணைக்காலை மட்டும் பார்த்தவள் "காடி" என்பாள். இரண்டும் தவறுதான். ஆனால் காரணம் வேறு, பயிற்சியும் வேறு. "தப்பு, திரும்பப் படி" என்று மட்டும் சொன்னால் அவள் ஊகிக்கத் தொடங்கிவிடுவாள்.

முதலில் அவள் எங்கே நிற்கிறாள் என்று பாருங்கள். குறி இல்லாத சொற்கள் பத்து: மரம், படம், பல், வயல் போல. அடுத்து துணைக்கால் (கா), மேல்விலங்கு (கி) வரும் பத்து. அடுத்து கொம்பு வரும் பத்து. கடைசியில் இரு பக்கக் குறி வரும் பத்து. அவள் வாசித்ததை வாசித்தபடியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பத்தில் எட்டுக்கும் குறைவாகச் சரியாக வாசிக்கிறாளோ, பாடம் அங்கேதான் தொடங்க வேண்டும்.

[காட்சி: அட்டை வெட்டுவது.]

கொ வரிசைக்கு ஓர் அட்டை செய்வோம். 15 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம். நடுவில் 4 செ.மீ. சதுரமாக ஒரு ஜன்னல். அதன் இடப்பக்கம் கொம்பையும் வலப்பக்கம் காலையும் சிவப்பில் எழுதுங்கள். க, த, ப, ம, வ என்று கறுப்பில் எழுதிய நீளப் பட்டையைப் பின்னால் நகர்த்தினால் கொ, தொ, பொ, மொ, வொ என்று வரும். குறி அசையாமல் நிற்க, மெய் மட்டும் மாறுவதை அவள் கண்ணால் பார்க்கிறாள். ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் தனித்தனி அட்டை. ஒரே வாரத்தில் இரண்டையும் கொடுக்காதீர்கள்.

உகர வரிசைக்கு இந்த அட்டை உதவாது, ஏனென்றால் அங்கே பொதுவான ஒரே குறி கிடையாது. சுவரில் தொங்கும் உயிர்மெய் அட்டவணையை மேலிருந்து கீழாக ஒப்பிக்க வைப்பதால் இந்தப் பிள்ளைக்குப் பயன் குறைவு. வடிவத்தால் பிரியுங்கள்: சு, பு, யு, வு ஒரு கூட்டம். கு, டு, மு, ரு, ழு, ளு இன்னொன்று. ணு, து, நு, லு, று, னு மூன்றாவது.

வாரத்துக்கு நான்கைந்து எழுத்து போதும். 40 நிமிடம் ஒரே மூச்சில் உட்கார வைப்பதை விட, காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் பலன் தரும். தட்டில் ஒரு செ.மீ. உயரத்துக்கு மணல் பரப்பி விரலால் எழுதும்போது ஒலியை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வாய் மூடியிருந்தால் அது வெறும் ஓவியம். பலகையைப் பார்த்து ஐந்து முறை எழுதி வரச் சொல்வதும் இதே கதைதான். அழகாக எழுதி வருவாள், ஒரு சொல் வாசிக்கத் தெரியாது. ண, ன போன்ற ஒத்த எழுத்துகளுக்கிடையே இரண்டு வாரமாவது இடைவெளி விடுங்கள்.

தமிழக அரசின் "எண்ணும் எழுத்தும்" திட்ட வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாக உட்கார வைப்பதால் இந்தப் பயிற்சிக்கு அங்கேயே இடம் இருக்கிறது. ஆனால் "அரும்புப் பசங்க" என்ற பட்டப்பெயர் வகுப்பில் ஒலிக்கத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். கணக்குக்கும் கதைக்கும் குழுவைக் கலைத்து உட்கார வையுங்கள்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதற்கான சோதனையை 3ஆம் வகுப்பில் அல்லது 8 வயதில், எது முன்னதோ அப்போது செய்யச் சொல்கிறது மத்திய அரசின் வழிகாட்டுதல். சான்றிதழ் வந்தால்தான் பயிற்சி என்று காத்திருக்க வேண்டியதில்லை. அட்டை வெட்ட யார் அனுமதியும் தேவையில்லை.

[காட்சி: பள்ளி வாசல்.]

உடல் ஊனமுள்ள பிள்ளைக்கு: சாய்தளம் 1-க்கு 12. வாசல் 30 செ.மீ. உயரம் என்றால் 3.6 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று குறுக்கினால் சக்கர நாற்காலி பின்னோக்கி உருளும். உட்காரும்போது பாதம் அந்தரத்தில் தொங்கக் கூடாது. தொங்கினால் முதுகு சரியும், கை எழுத ஒத்துழைக்காது. காலடியில் ஒரு பலகை வையுங்கள். பென்சிலில் சைக்கிள் டியூப்பைச் சுற்றினால் பிடி தடிக்கும்.

வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம், தண்ணீர் புகட்ட வேண்டாம். தலைக்குக் கீழே துணி வைத்து, ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108.

[காட்சி: திண்ணையில் தாயும் ஆசிரியரும்.]

பெற்றோரிடம் நோயின் பெயரைச் சொல்லித் தொடங்காதீர்கள். அதை மருத்துவர் சொல்லட்டும். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: "பின்னாலிருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான்மா, வீட்லயும் அப்படியா?" மருத்துவ மதிப்பீட்டு முகாமுக்குப் போவதென்றால் அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி போகும். ஆதார் நகல், புகைப்படம், பழைய மருத்துவச் சீட்டு எல்லாம் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். ஒரு தாள் குறைந்து திரும்பியவர் மறுமுறை வருவது கடினம்.

[காட்சி: ஒரு 40 பக்க நோட்டு.]

பயிற்றுநர் வரும் நாளில் பிள்ளையை மரத்தடிக்கு அழைத்துப்போய் ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பினால், என்ன செய்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. கடைசி 10 நிமிடம் உங்கள் முன்னால் செய்து காட்டச் சொல்லுங்கள். அடுத்த வருகை வரை செய்ய ஒரே ஒரு வேலையைக் கேட்டு வாங்குங்கள். ஐந்து கொடுத்தால் ஒன்றும் நடக்காது. பிள்ளைக்கு ஒரு நோட்டு, நாளுக்கு ஒரு வரி: "செவ்வாய். கொ, தொ, பொ. பத்தில் ஏழு. 'தொ'வை 'தெ' என்கிறாள்." புதன் காலை 10 நிமிடம் "தொ"வில் தொடங்கும்.