எண்ணோடு சேர்த்து எழுத வேண்டியவை

நேயர்களுக்கு வணக்கம். பதினோராம் வகுப்பில் இயற்பியல் எடுத்த பிள்ளைகள் எடுத்த எடுப்பில் படிப்பது அலகுகளும் அளவீடுகளும். அதை அறிமுகப் பாடம்தானே என்று வேகமாகப் புரட்டிவிட்டு, வெக்டருக்கும் நியூட்டன் விதிகளுக்கும் ஓடிவிடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. அடுத்த இரண்டு வருடம் அவர்கள் கண்ணில் படப்போகும் ஒவ்வொரு எண்ணையும் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்லித்தருவது அந்தப் பாடம்தான்.

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னையில் எல்லார் வாயிலும் ஏரிக்கணக்குதான். செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. உபரி நீரை வினாடிக்கு 1,000 கன அடி வீதம் திறக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றிலும் 'அடி' வருகிறது, ஆனால் மூன்றும் வேறு வேறு ரகம். முதலாவது நீளம். இரண்டாவது பருமன், அதாவது நீளத்தின் மும்மடி. மூன்றாவது அந்தப் பருமனை நேரத்தால் வகுத்தது. பரிமாணம் என்று நாம் படிப்பது இதைத்தான். இந்த மூன்றில் எதையும் எதோடும் கூட்டவோ கழிக்கவோ முடியாது. ஆனால் வகுக்கலாம்.

வகுத்துத்தான் பார்ப்போமே. ஏரி நிரம்பியிருக்கிறது, புதிதாக ஒரு சொட்டுத் தண்ணீரும் வரவில்லை, அதே வேகத்தில் நீர் வெளியேறுகிறது. எத்தனை நாளில் காலியாகும்? பருமனை, வினாடிக்கு இத்தனை பருமன் என்பதால் வகுத்தால் மிஞ்சுவது வினாடி மட்டும்: 36,45,000 வினாடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடி. கால்குலேட்டர் 42.1875 நாள் என்று காட்டும். விடைத்தாளில் அதை அப்படியே எழுதுகிற மாணவர்கள்தான் அதிகம். மதகில் போகும் நீரை 1,000 என்று முழு எண்ணாகத் தோராயமாகச் சொல்லியிருக்கும்போது, விடையில் நான்கு தசம இடம் எங்கிருந்து வந்தது? அந்த 1875-க்கு நம் கையில் எந்த ஆதாரமும் இல்லை. சுமார் 42 நாள் என்பதே நேர்மையான விடை. முக்கிய எண்ணுருக்கள், அதாவது ஓர் எண்ணில் நம்பத்தகுந்த இலக்கங்கள், பற்றிய விதிகளை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், இந்தக் காரணத்தைப் பிள்ளைகள் உணர வேண்டும்.

அப்புறம், பிழை. இதற்கு நம் ஊரிலேயே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலைப் பக்கத்தில் ஒரு நேர்கோட்டை அளந்தார். பெரும்பாக்கம் திசையில் ஏறக்குறைய ஏழரை மைல், அதாவது 12 கிலோமீட்டர். இந்தியா முழுவதையும் முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டு போன மாபெரும் முக்கோணவியல் நில அளவைக்கு அதுதான் அடிக்கோடு, அதாவது மற்றக் கணக்கெல்லாம் தொடங்கும் முதல் நீளம். அளவுகோல், 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. காலமோ சித்திரை வெயில். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி செல்சியஸ் சூடு ஏறினால் மீட்டரில் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்குதான் நீளும். கேட்க ஒன்றுமில்லாதது போலத் தெரியும். 10 டிகிரி ஏறி, அதைக் கவனிக்காமல் 12 கிலோமீட்டரையும் அளந்திருந்தால், கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் பிசகியிருக்கும்! அதனால்தான் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்து, வெப்பநிலையைக் குறித்துக் குறித்துத் திருத்தம் செய்தார்கள்.

கவனியுங்கள், வெயில் தரும் இந்தப் பிழை எப்போதும் ஒரே பக்கம் இழுக்கும். நூறு தடவை அளந்து சராசரி எடுத்தாலும் போகாது. இது முறையான பிழை. காரணத்தைக் கண்டுபிடித்துத்தான் திருத்த வேண்டும். ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் வருகிற ஒழுங்கற்ற பிழைதான் சராசரிக்குக் கட்டுப்படும்.

சரி, அளவுகோலே மாறிக்கொண்டிருந்தால்? கிலோகிராமுக்கு அதுதான் நடந்தது. 1889 முதல் பாரிசை அடுத்த செவ்ரில் வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் உருளைதான் உலகத்துக்கே கிலோகிராம். அதற்கும் அதன் நகல்களுக்கும் இடையே நூறு ஆண்டில் சுமார் 50 மைக்ரோகிராம் வித்தியாசம் வந்துவிட்டது. 2019 மே 20 முதல், இயற்கையில் மாறாத ஓர் அளவான பிளாங்க் மாறிலியை வைத்துக் கிலோகிராமை வரையறுக்கிறோம்.

ஆய்வகத்துக்குப் போகும் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியில் பார்க்கிறீர்கள், 0.50 மில்லிமீட்டர். கருவியின் மீச்சிற்றளவு, அதாவது அதனால் அளக்க முடிந்த மிகச் சிறிய அளவு, 0.01 மில்லிமீட்டர். ஆகப் பிழை 2 சதவீதம். குறுக்குவெட்டுப் பரப்பில் விட்டம் இருமடியாக வருவதால் பிழை 4 சதவீதமாகிவிடும். கம்பியின் நீளத்தைப் பார்ப்பதைவிட விட்டத்தைப் பல இடங்களில் நிதானமாகப் பாருங்கள். கம்பியை அளப்பதற்கு முன்பே, சுழிப்பிழையை, அதாவது எதையும் வைக்காதபோதே கருவி சுழிக்குப் பதிலாகக் காட்டும் அளவை, அதன் குறியோடு எழுதிவிடுங்கள்.

அடுத்து, தனி ஊசல். நிறுத்துக் கடிகாரத்தை அழுத்தும் விரல் 0.2 வினாடி வரை தாமதிக்கும். ஒரே அலைவுக்கு நேரம் எடுத்தால் அந்த 0.2-உம் முழுதாக விடையில் உட்கார்ந்துகொள்ளும். 20 அலைவுக்கு எடுத்து 20-ஆல் வகுத்தால் ஓர் அலைவுக்கு 0.01 வினாடிதான். எண்ணத் தொடங்கும்போது ஒன்று என்று தொடங்காமல் சுழி என்று தொடங்குங்கள். இல்லையென்றால் 19 அலைவுதான் கணக்கில் இருக்கும்.