பெத்தாவின் புள்ளடி

நடுவர் ஐயா, பங்குத் தந்தை, பாலம் கடந்து புளியந்தீவுக்கு வந்திருக்கிற சனம், எல்லாருக்கும் வணக்கம். தந்தது எட்டு நிமிடம், ஆகவே வணக்கம் இவ்வளவுதான்.

வேதாகமத்தில் பெருமை முதல் எழுத்துக்கா, கடைசி எழுத்துக்கா? நான் கடைசியின் பக்கம். 'ஆல்பாவும் ஒமேகாவும் நானே' என்று ஆண்டவர் இரண்டையும்தானே சொன்னார் என்பீர்கள். சரி, சொன்னார்.

எதிரணித் தம்பி ஒரு நக்கல் விட்டார். நம் திருவிவிலியத்தில் அது 'அகரமும் னகரமும்' என்று இருக்கிறதாம், னகரத்தில் ஒரு தமிழ்ச் சொல்லாவது தொடங்குமா, கடைசி வாங்கில் குந்தியிருக்கிற எழுத்தாம். கைதட்டினீர்களே! தொடங்காதுதான் தம்பி. ஆனால் முடித்து வைக்கும். இறைவன் எதில் முடிகிறான்? மகன்? நண்பன்? 'நான் முதல் எழுத்தின் பக்கம்' என்றீர்களே, அந்த 'நான்' எதில் முடிகிறது? இன்னொன்று: எபிரேய வேதத்தின் முதல் சொல் 'பெரேஷித்'. அது இரண்டாம் எழுத்தான பேத்தில் தொடங்குகிறது. உங்கள் முதல் எழுத்து ஆலெப் அன்றைக்கு பஸ்ஸைத் தவற விட்டதா?

இனி என் பெத்தாவிடம், என் பாட்டியிடம், வருகிறேன். அவவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஒருநாள் ஓர் அலுவலகத்தில் கையொப்பம் கேட்டார்கள். பெத்தா பேனையை வாங்கி ஒரு சிலுவை போட்டா. அங்கிருந்தவர் சிரித்துக்கொண்டு, "பெத்தா, இது வாக்குச் சீட்டில்ல, புள்ளடி போட!" என்றார். பெத்தா சொன்னா: "வோட்டுத்தான் மகன். உங்கட ஆள் வெண்டா அஞ்சு வருசம். என்ட ஆள் எப்பவும்."

திருப்பிச் சொல்லவா? "என்ட ஆள் எப்பவும்!" வரிசையில் நின்ற முஸ்லிம் காக்கா ஒருவர் சிரித்த சிரிப்பில் குடையைக் கீழே விட்டார். கேட்டவருக்கு முகம் சிவந்து, பேனையைத் திருப்பி வாங்கவும் மறந்துவிட்டார். பெத்தா அதையும் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்துவிட்டா, அது வேறு கதை.

எசேக்கியேல் 9:4 பாருங்கள். எருசலேமில் நடக்கும் அநியாயத்துக்காக அழுகிறவர்களின் நெற்றியில் ஓர் அடையாளம் போடச் சொல்கிறார் ஆண்டவர். அந்த அடையாளத்துக்கு எபிரேயச் சொல் 'தாவ்'. இருபத்திரண்டு எழுத்தில் கடைசி எழுத்தின் பெயரும் அதுதான். பழைய எழுத்து முறையில் அதன் வடிவம் என்ன தெரியுமா? புள்ளடி! எழுதத் தெரியாத என் பெத்தா அன்று எழுதியது எபிரேயம்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரு நிமிடம்.

பள்ளிக்கூடம் போக முன்னம் ஒவ்வொரு நாளும் என் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போடுவா. நான் துடைத்துவிட்டு ஓடுவேன். கடைசி நாள் கட்டிலருகே குனிந்தேன். கை உயர்ந்தது. நெட்டுக்கோடு விழுந்தது. குறுக்குக்கோட்டுக்கு முன் கை சரிந்துவிட்டது.

அந்தக் குறுக்குக்கோட்டை நான் அவவின் நெற்றியில் போட்டேன்.

இனி அடியுங்கள் ஐயா மணியை.