குனிந்தே கிடந்தவர்களுக்குக் குனிகிற ஆசனமா?

மாசி மாதம், மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்தில், எங்கள் யோகா வகுப்பின் ஆண்டு விழாவில் பேசியது. எழுதித் தரச் சொல்லி இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். மேடையில் விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்திருக்கிறேன். நடுவில் மைக் கரகரத்துப் பத்து நிமிஷம் நின்றதை விட்டுவிட்டேன்.

எல்லோருக்கும் வணக்கம்.

என்னை ஏன் பேசக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவள். இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டது நான்தான். நர்ஸம்மா பேசும்போது எழுந்து போக யாருக்கும் தைரியம் வராது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். சரி, நானும் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ள மாட்டேன். பின்பக்கம் சாம்பார் கொதிக்கிற வாசனை எனக்கும் வருகிறது.

ஓய்வு பெற்ற வருஷம் எனக்கு முட்டிவலி. மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அந்தப் பெரிய ஊரில் ஒரு யோகா நிலையத்தில் சேர்த்துவிட்டாள். ஏசி, சுவர் முழுக்கக் கண்ணாடி, இருபத்தைந்து வயசுப் பிள்ளைகள். நான் புடவையோடு போனேன். வாசலிலேயே ஒரு பார்வை. உள்ளே சம்மணம் போட்டபோது என் வலது முட்டி தரையில் படவில்லை. சொல்லிக்கொடுத்தவர் வந்து இரண்டு கையாலும் அழுத்தினார். "விடுங்க, அதுவா இறங்கும்" என்றேன். "பயப்படாதீங்க ஆன்ட்டி" என்று இன்னும் அழுத்தினார். ஒரு வாரம் படி ஏற முடியவில்லை. அதற்குப் பிறகு யோகா என்கிற வார்த்தையே எனக்குப் பிடிக்காமல் போனது.

அதனால் நம்மூரில் வகுப்பு வருகிறது என்றபோது முதலில் ஆட்சேபம் சொன்னவர்களில் நானும் ஒருத்தி. இடம் பார்த்தது இரண்டாவது சண்டை. கோயில் மண்டபம் காலியாகத்தானே கிடக்கிறது, காற்றோட்டமாக இருக்குமே என்றார்கள். மண்டபம் என்றால் சிலர் வருவார்கள், சிலர் வாசலோடு நின்றுவிடுவார்கள். யார், ஏன் என்று இந்த மேடையில் நான் விளக்க வேண்டியதில்லை. கடைசியில் இந்தப் பழைய ரைஸ்மில் கிடங்கு கிடைத்தது. எல்லாத் தெருக்காரர்களும் நெல் மூட்டையோடு நுழைந்த இடம். இங்கே வர யாரும் யோசிக்க வேண்டியதில்லை. இப்போதும் மழை நாளில் சுவரிலிருந்து தவிட்டு வாசனை வரும். கண்ணை மூடி மூச்சை இழுங்கள் என்று சொன்னால் எனக்கு முதலில் வருவது அந்த வாசனைதான்.

காசு விஷயமும் அப்படித்தான். கதவோரம் ஒரு பால் பவுடர் டின், மூடியில் ஓட்டை. போடுகிறவர் போடலாம், முடியாதவர் நேராக உள்ளே போகலாம். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. அறுவடை முடிந்ததும் ஒருவர் டின்னில் போட முடியாமல் ஒரு மூட்டை நெல்லையே கொண்டுவந்து இறக்கினார். இன்றைக்கு நீங்கள் சாப்பிடப்போகிற சோறு அதுதான்.

ஆசிரியர்கள் மூன்று பேர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். மூன்று பேருக்கும் மூன்று வழி.

பெரிய சார் மனவளக்கலையில் வந்தவர். அதை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் 1911இல் பிறந்தவர். வயசானவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் செய்யக்கூடியதாகக் கை, கால், கண், மூச்சு என்று எளிய பயிற்சிகளை அவர் அமைத்தார். டீச்சரம்மா பி.கே.எஸ். ஐயங்கார் முறைக்காரர். கால் விரல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, தோள் காதோடு ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பார். எட்டாத கைக்குப் பட்டைத் துணி, தாழாத இடுப்புக்குக் கட்டை. இங்கே பட்டைத் துணி என்பது கிழிந்த வேட்டி. கட்டை என்பது கோணியில் சுற்றித் தைத்த செங்கல். மூன்றாவது, நம்ம தம்பி. சென்னையில் தேசிகாச்சார் வழியில் படித்தவர். எதைச் செய்தாலும் மூச்சோடு சேர்த்துத்தான். கை மேலே போகும்போது மூச்சு உள்ளே, இறங்கும்போது வெளியே. அவசரமே கிடையாது. தனியாக உட்கார வைத்து, ராத்திரி தூக்கம் எப்படி, வயிறு எப்படி என்று கேட்பார். முதல் நாள் என்னிடம் கேட்டபோது, இது நான் கேட்க வேண்டிய கேள்வி ஆயிற்றே என்று தோன்றியது.

இந்த மூன்று பேரும் ஒரே கிடங்கில் அடித்துக்கொள்ளாமல் இருப்பதே அதிசயம் என்று நினைத்தேன். அப்புறம் தம்பி ஒரு விஷயம் சொன்னார். ஐயங்காருக்கும் தேசிகாச்சாருக்கும் குரு ஒருவர்தான்: 1888இல் பிறந்து நூறு வயசு வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார். தேசிகாச்சார் அவர் மகன். ஐயங்கார் அவர் மைத்துனர், சின்ன வயசில் நோஞ்சான் பிள்ளை. வேகவேகமாகத் தொடர்ந்து ஆசனம் போடுகிற முறையைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸும் அவரிடம் படித்தவர். இந்திரா தேவி என்கிற வெளிநாட்டுப் பெண்ணை முதலில் சேர்க்க மாட்டேன் என்றார், பிறகு மைசூர் மகாராஜா சொல்லிச் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மா ஹாலிவுட் வரைக்கும் யோகாவைக் கொண்டுபோனார். ஒரு குருவிடமிருந்து நாலு பேர் நாலு விதமாகக் கற்றுக்கொண்டு போனார்கள் என்றால், வந்து நின்ற ஆளைப் பார்த்துத்தான் அவர் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். கிருஷ்ணமாச்சாரியார் கர்நாடகத்தில் பிறந்தவர். ஆனால் தன் வம்சம் வைணவ ஆசாரியர் நாதமுனிகள் வழி என்று சொல்லிக்கொண்டவர். நாதமுனிகளின் ஊர் காட்டுமன்னார்கோயில். கொள்ளிடத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம்தானே? சும்மா ஒரு பெருமைக்குச் சொல்லி வைக்கிறேன்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம்.

வகுப்பு தொடங்கின புதிதில், நடவு நாளில், சாயங்காலம் எட்டுப் பெண்கள் வந்தார்கள். நேராக வயலிலிருந்து கால் கழுவிக்கொண்டு வந்தவர்கள். நகக்கண்ணில் சேறு போகவில்லை. பெரிய சார் அன்றைக்கு நின்றபடி குனிந்து பாதத்தைத் தொடுகிற ஆசனம் என்று எழுதி வைத்திருந்தார். செய்து காட்டினார். எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. "என்னம்மா?" என்றார். "இதத்தான சார் காலைலேருந்து பண்ணிட்டு வர்றோம். இதுக்கும் கூலி போடுவீங்களா?"

கிடங்கே சிரித்தது. சாரும் சிரித்தார், ஆனால் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நோட்டை மூடி வைத்துவிட்டு, "படுத்துக்கங்கம்மா எல்லாரும்" என்றார். அன்றைக்கு அவ்வளவுதான் வகுப்பு.

மறுநாள் காலை அவர் வயலுக்கே போய் வரப்பில் நின்று பார்த்திருக்கிறார். நடவை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம், ஆனால் இந்தக் கண்ணோடு பார்த்ததில்லை. இடது கையில் நாற்றுமுடி, முழங்கை தொடையில் ஊன்றியிருக்கும். வலது கை மட்டும் பிரித்துப் பிரித்துச் சேற்றில் ஊன்றிக்கொண்டே வரும். உடம்பு இடுப்பில் மடிந்தது மடிந்தபடி, பின்பக்கமாகக் காலெடுத்து வைக்க வேண்டும். சேறு காலைப் பிடித்து இழுக்கும். நிமிர்வது முடி தீர்ந்து அடுத்த முடியை எடுக்கும்போதுதான், அதுவும் பாதி நிமிர்வு. முப்பது வருஷம் அவர்களுடைய இடுப்புவலிக்கு நான் மாத்திரை கொடுத்திருக்கிறேன். வரப்பில் நின்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. இதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு மூன்று ஆசிரியர்களும் உட்கார்ந்து பேசினார்கள். நடவு நடக்கிற நாளில் குனிகிற ஆசனமே கிடையாது என்று முடிவாயிற்று. குப்புறப் படுத்து ஓய்வெடுக்கிற மகராசனம். கொஞ்சமே கொஞ்சம் நெஞ்சைத் தூக்குகிற புஜங்காசனம். மல்லாந்து படுத்து, கெண்டைக்காலைப் பிளாஸ்டிக் நாற்காலி மேல் போட்டுக்கொண்டு பத்து நிமிஷம். அந்த நாற்காலி யோசனை டீச்சரம்மாவுடையது. கல்யாணப் பந்தல்காரரிடம் இரவல் வாங்கிய நாற்காலிகள். முதல் நாள் அப்படிப் படுத்ததும் மூன்று பேர் தூங்கிவிட்டார்கள். தம்பி யாரையும் எழுப்பவில்லை. விளக்கைக் குறைத்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டார்.

இப்போது நம் பாடத்திட்டம் ஆற்றுத் தண்ணீரைப் பார்த்து மாறுகிறது. குறுவை நடவுக்கு ஒன்று, சம்பா நடவுக்கு ஒன்று, அறுப்புக்கு ஒன்று. உலக யோகா நாள் ஜூன் 21. ஐக்கிய நாடுகள் சபை 2014 டிசம்பரில் அறிவித்தது, 2015 முதல் நடக்கிறது. நம் ஊர்க் கணக்கில் மேட்டூர் திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. ஒன்பது நாள் இடைவெளியில் எந்த நடவுக்காரி வந்து பாய் விரிப்பாள்? அதனால்தான் நம் விழா, சம்பா அறுத்துக் களம் காலியான பிறகு, இந்த மாசியில்.

பக்கத்தில் திருவாவடுதுறை. திருமூலர் கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கைலாயத்திலிருந்து வந்த யோகி, காவிரிக் கரையில் மூலன் என்கிற இடையர் இறந்து கிடப்பதையும், சுற்றி நின்று மாடுகள் அழுவதையும் பார்க்கிறார். பொறுக்க முடியாமல் அந்த உடம்புக்குள் புகுந்துவிடுகிறார். பிறகு தன் சொந்த உடம்பைத் தேடினால் காணோம். மூலன் உடம்போடுதான் அரச மரத்தடியில் உட்கார்ந்தார். இயமம், நியமம், ஆசனம் என்று யோகத்தின் எட்டு உறுப்புகளையும் தமிழில் பாடியது அந்த உடம்போடுதான். பக்தியாகப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். நான் நர்ஸ், எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. அவருக்கு இந்த ஊரில் கிடைத்தது வெயிலில் காய்ந்த, காலில் முள் ஏறிய, மாடு ஓட்டுகிறவர் உடம்பு. குதிகாலில் வெடிப்பு இல்லாமலா இருந்திருக்கும்?

சிரிப்பு விஷயம் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நம் வகுப்புக்கு வருகிற பாட்டி கோபித்துக்கொள்ளும். முதல் வாரம் கடைசியில் "சவாசனம்" என்றதும் பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டது. "நல்ல நாளும் அதுவுமா, வெள்ளிக்கிழமை விளக்கு வச்ச நேரத்துல, என்னை எதுக்குப் பொணமாப் படுக்கச் சொல்றே?" அன்றிலிருந்து இங்கே அது சாந்தி ஆசனம்.

நீடூரிலிருந்து வருகிற அக்கா சேரும்போது தயங்கித் தயங்கிக் கேட்டது, ஓம் சொல்ல வேண்டுமா என்று. சொல்கிறவர்கள் சொல்லலாம், மற்றவர்கள் மூச்சை எண்ணினால் போதும் என்றார் தம்பி. வஜ்ராசனம் வந்தபோது நாங்கள் எல்லோரும் கால் மரத்து முனகிக்கொண்டிருக்கிறோம், அது அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், "தொழுகையில கிட்டத்தட்ட இப்படித்தானே அஞ்சு வேளையும் உட்கார்றேன்" என்றது. அன்றைக்கு அதுதான் எங்களுக்கு டீச்சர்.

நரசிங்கம்பேட்டைப் பக்கமிருந்து ஒரு நாயனக்காரர் வருகிறார். மூச்சை நீளமாக விடுங்கள், மனசுக்குள் எண்ணுங்கள் என்று தம்பி சொன்னார். நாங்கள் எட்டில் முடிந்தோம், டீச்சரம்மா பதினாறில். அவர் முடிக்கவே இல்லை. டீ வந்து டம்ளரில் ஊற்றுகிற சத்தம் கேட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார். ஆனால் அவருக்குக் கழுத்தும் தோளும் கல்லாக இறுகியிருந்தன. போர்வையைச் சுருட்டி முதுகுக்கடியில் வைத்துப் படுக்க வைக்கிறோம். பதிலுக்கு அவர் எங்களுக்கு மூச்சு சொல்லிக்கொடுக்கிறார்.

நர்ஸாக ரெண்டு வார்த்தை, இதைத் திட்டாகவே எடுத்துக்கொள்ளுங்கள். யோகா செய்கிறேன், சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டேன் என்று இனி யாரும் என்னிடம் வரக்கூடாது. டாக்டர் சொல்லாமல் ஒரு மாத்திரையும் நிற்கக்கூடாது. இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வந்தால் என்ன ஆகும் என்று போன ஐப்பசியில் பார்த்தோம். கை நடுங்கி, வியர்த்து, அவர் சரிந்து உட்கார்ந்தார். நல்லவேளை பாட்டி முந்தானையில் வெல்லம் முடிந்து வைத்திருந்தது. இனி மடியில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். ரத்தக் கொதிப்பு இருக்கிறவர்கள் மூச்சை அடக்க வேண்டாம், தலைகீழாக நிற்கவும் வேண்டாம். கண்ணில் நீர் அழுத்தம் இருக்கிறவர்களுக்கும் தலைகீழ் கூடாது.

தலைகீழாக நிற்க வரவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களுக்கு ஒன்று. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில், கருவறையைச் சுற்றி மேல் தளத்தில் சிவன் ஆடுகிற கரணங்களை, அதாவது ஆட்ட நிலைகளை, செதுக்கியிருக்கிறார்கள். அது நாட்டியம், யோகா இல்லை, டீச்சரம்மா முறைக்க வேண்டாம். மொத்தம் 108 இருக்க வேண்டும். 81தான் இருக்கிறது. மீதி 27 கல் வெறுமனே நிற்கிறது. ராஜராஜன் கோயிலிலேயே கால்வாசி பாக்கி. உங்களுக்கு ரெண்டு ஆசனம் வராவிட்டால் என்ன இப்போது?

என் முட்டி இன்னும் தரையில் படவில்லை. கோணிச் செங்கல் ஒன்று அதற்கடியில் இருக்கிறது. ஒரு வருஷமாக அதை யாரும் அழுத்தவில்லை. போன மாதம் பார்த்தேன், செங்கல்லைப் படுக்கைவாட்டில் போட்டால் போதுமாக இருக்கிறது.

இலை போட்டாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். மழைக்கு முன்னால் வடமேற்கு மூலையில் ஓடு மாற்ற வேண்டும், ஏணி இருக்கிறவர்கள் பெரிய சாரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாத்திரம் கழுவ நாலு பேர் வேண்டும், போன தடவை பெண்கள் கழுவியாயிற்று, இந்தத் தடவை ஆண்கள். நாளைக்கு வகுப்பு உண்டா என்று கேட்கிறார்கள். உண்டு, ஐந்தரைக்கு. சாப்பாடு கனமாக இருப்பதால் படுக்கிற ஆசனம் மட்டும்தான் என்று தம்பி சொல்லச் சொன்னார்.